காலையில் வந்த கணக்கு மாலையில் ஏன் வருவதில்லை?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு படிக்கிறான். 14 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலுக்குப் பிறகு, அதுவரை நடந்துகொண்டிருந்தவன் நடையை இழந்தான், பேச்சும் நின்றுபோனது. இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி திரும்பியது. இப்போது தள்ளாடியபடி நடப்பான், கை நடுங்கும், பேச்சு சற்று இழுக்கும். 5 வயதில் மரபணுப் பரிசோதனை செய்து, என்.டி.யு.எஃப்.வி.1 என்ற மரபணுவில் மாற்றம், மைட்டோகாண்ட்ரியா கோளாறு என்றார்கள். நான் தாய்மாமனை மணந்தவள். காலையில் பெருக்கல் கணக்கைத் தானே போடுகிறவன், மாலையில் அதே கணக்கைப் பார்த்து விழிக்கிறான். வற்புறுத்தினால் நோட்டைக் கிழிக்கிறான், தங்கையை அடிக்கிறான். வேண்டுமென்றே செய்கிறான் என்கிறார் ஆசிரியை. இரண்டு அடி போட்டால் சரியாகும் என்கிறார் என் கணவர். சென்ற மாதம் எடுத்த ஐ.க்யூ. தேர்வில் 68 வந்ததால் சிறப்புப் பள்ளிக்கு மாற்றச் சொன்னார்கள். கோபத்துக்காக வால்ப்ரோயேட் சிரப் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் தொடங்கவில்லை. என் வயிற்றிலிருந்து வந்த நோய் என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர் என் அம்மாவைப் பெற்ற பாட்டியும்கூட. அவனுக்கு அறிவு குறைவா? போகப் போக இன்னும் குறையுமா? 5 வயதான என் மகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள அம்மா,

அந்த சிரப்பைத் தொடங்காமல் வைத்திருப்பது நல்லதாயிற்று. மற்றக் கேள்விகளுக்கு ஆற அமரப் பதில் சொல்லலாம். இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வால்ப்ரோயேட், வலிப்புக்கும் சில வேளைகளில் மனநிலை ஏற்றத்தாழ்வுக்கும் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வரும் பயனுள்ள மருந்துதான். ஆனால், உயிரணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா கொழுப்பை எரித்து ஆற்றலாக்கும் வேலையை அது தடுக்கிறது. அந்த வேலைக்கு உடலில் வேண்டியிருக்கும் கார்னிட்டின் என்னும் பொருளையும் குறைக்கிறது. போல்ஜி எனப்படும் மரபணுவில் மாற்றம் உள்ள குழந்தைகளிடம் இது உயிருக்கு ஆபத்தான கல்லீரல் செயலிழப்பை உண்டாக்கியிருப்பதால், அவர்களுக்கு இதை அறவே கொடுப்பதில்லை. உங்கள் மகனிடம் மாறியிருப்பது அந்த மரபணு அல்ல. என்றாலும், எந்த வகை மைட்டோகாண்ட்ரியா கோளாறாக இருந்தாலும் வேறு வழி இருக்கும்போது இந்த மருந்தைத் தவிர்ப்பதே குழந்தை நரம்பியலில் வழக்கம். வலிப்பே இல்லாத பிள்ளைக்குக் கோபத்துக்காக இதைக் கொடுக்க நான் ஒப்பமாட்டேன். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் மரபணு அறிக்கையைக் காட்டிப் பேசுங்கள். அவர் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன். இதைப் படிக்கும் வேறு பெற்றோர் யாரேனும் வலிப்புக்காக இதே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால், தாமாக நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்துவதால் வலிப்பு அடுக்கடுக்காக வரக்கூடும். மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும்.

இனி, காலையில் வந்து மாலையில் வராத அந்தப் பெருக்கல் கணக்கு. உணவையும் மூச்சில் வரும் ஆக்சிஜனையும் கொண்டு உயிரணுக்களுக்கு வேண்டிய ஆற்றலைத் தயாரிப்பது மைட்டோகாண்ட்ரியா என்பதை உங்களுக்கு முன்பே விளக்கியிருப்பார்கள். அந்தத் தயாரிப்பின் முதன்மையான நுழைவாயில் காம்ப்ளக்ஸ்-1 என்னும் பெரிய புரதக் கூட்டு. உங்கள் மகனிடம் மாறியிருக்கும் மரபணு அதன் முக்கியமான ஒரு பகுதிக்கு உரியது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, வளர்ந்தவர்களிடம் ஓய்வு நேரத்து ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. குழந்தைப் பருவத்தில், குறிப்பாக 5 வயதை ஒட்டி, உடலின் அன்றாட ஆற்றலில் 40 சதவீதத்துக்கும் மேல் மூளைக்கே போகிறது. ஆகவே தயாரிப்பில் குறை இருக்கும் பிள்ளையிடம் அது கை கால்களில் மட்டும் தெரிவதில்லை. கவனத்திலும் நினைவிலும் குணத்திலும் சேர்ந்தே தெரிகிறது.

கோடைக்கால மாலைகளில் மின்னழுத்தம் குறையும்போது விளக்கு மங்கலாகவேனும் எரியும், மின்விசிறி மெதுவாகவேனும் சுற்றும், தண்ணீர் மோட்டார் மட்டும் முனகிவிட்டு நின்றுபோகும். மோட்டார் கெட்டுவிட்டது என்று அப்போது யாரும் சொல்வதில்லை. மூளையிலும் இப்படித்தான், அதிக ஆற்றல் கேட்கும் வேலைகள் முதலில் நின்றுபோகின்றன: பல படிகள் கொண்ட ஒரு கணக்கின் இடைவிடைகளை மனத்தில் நிறுத்திவைப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுவது, வரும் எரிச்சலை அடக்கிக்கொள்வது, குறித்த நேரத்துக்குள் எழுதி முடிப்பது. முன்பே ஆழப் பதிந்துவிட்ட மொழி, பாட்டு, கதை, ஆட்களின் பெயர் ஆகியவை அதற்குப் பிறகும் நெடுநேரம் நிற்கும். அதனால்தான் மாலையில் பெருக்கல் வராத பிள்ளை, அதே மாலையில் நேற்றுப் பார்த்த படத்தின் கதையை விடாமல் சொல்கிறான். பார்க்கிற ஆசிரியைக்கு அது நடிப்பாகத் தோன்றுகிறது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகளில் எவரிடமும் அவர் இப்படி ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும் திறனைக் கண்டிருக்க மாட்டார். வேண்டுமென்றே செய்கிறான் என்பதற்கு அவர் காட்டும் இந்த முரண்தான் நோயின் முத்திரை என்பதை, உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதமாக எழுதி வாங்கி அவரிடம் கொடுங்கள். தாய் வாய்மொழியாகச் சொன்னால் அது பரிந்து பேசுவதாகிவிடும்.

நீங்கள் அனுப்பியிருந்த உளவியல் அறிக்கையை இரண்டு முறை படித்தேன். அதில் 68 என்ற எண் தடித்த எழுத்தில் இருக்கிறது. அதைவிட முக்கியமான இரண்டு எண்கள் அதற்கு மேலேயே சிறிய எழுத்தில் இருக்கின்றன. எடுக்கப்பட்டது மாலின் நுண்ணறிவுத் தேர்வு. 1960களில் நாகபுரியில் இந்தியக் குழந்தைகளுக்காகத் தழுவி உருவாக்கப்பட்ட இத்தேர்வில் வாய்மொழிப் பகுதி, செயல்பகுதி என இரண்டு உண்டு. இரண்டின் சராசரியே மொத்த மதிப்பெண். உங்கள் மகன் வாய்மொழிப் பகுதியில் 84 எடுத்திருக்கிறான், செயல்பகுதியில் 52. பொதுஅறிவு, சொற்பொருள், இரு பொருள்களுக்குள்ள ஒற்றுமை இவற்றைக் கேட்டால் வகுப்பில் சற்றுப் பின்தங்கிய பிள்ளையின் அளவில் பதில் சொல்கிறான். கட்டைகளை அடுக்கவும், துண்டுகளைச் சேர்த்து உருவமாக்கவும், கட்டங்களில் குறியீடுகளை வேகமாக எழுதவும் சொன்னால் பெரிதும் விழுந்துவிடுகிறான். அந்த வேலைகள் எல்லாம் கடிகாரத்தை வைத்து அளக்கப்படுபவை, கையின் நிதானத்தை நம்பியிருப்பவை. நடுங்கும் கையோடு கட்டை அடுக்கிய பிள்ளையின் 52 எவ்வளவு அறிவைக் காட்டுகிறது, எவ்வளவு கை நடுக்கத்தைக் காட்டுகிறது என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. 32 புள்ளி இடைவெளி உள்ள இரண்டு மதிப்பெண்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது, அந்தப் பிள்ளையிடம் எங்குமே இல்லாத ஓர் எண்.

இன்னொன்றையும் நீங்களே கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அன்று விடியற்காலையில் பேருந்து ஏறி, வழியில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து, நண்பகலுக்குப் பிறகே தேர்வுக்கு உட்கார்ந்திருக்கிறான். தேர்வெடுத்த உளவியலாளரிடம் நோயின் பெயரைச் சொல்லியிருந்தாலும், பயணக் களைப்பு இந்த நோயில் எவ்வளவு பெரிய காரணி என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. ஆகவே இத்தேர்வை மறுபடியும் எடுக்கச் சொல்கிறேன். முந்தைய இரவே அவ்வூரில் தங்கி, நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, காலை முதல் வேளையில், ஒரே அமர்வாக இல்லாமல் இரண்டு மூன்று நாட்களுக்குப் பிரித்து எடுக்க வேண்டும். அதற்கு முன் காதுக் கேட்புத் திறனையும் கண்ணையும் கட்டாயம் பரிசோதித்திருக்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியா கோளாறில் கேட்புத் திறன் மெல்ல மெல்லக் குறைவதும், பார்வை நரம்பு நலிவதும், இமை தளர்ந்து விழுவதும் அரிதல்ல; பாதி கேட்கும் பிள்ளையை மந்தம் என்று எழுதிய அறிக்கைகள் நான் பார்த்திருக்கிறேன். இவற்றோடு, உடுத்துவது, சாப்பிடுவது, கடைக்குச் சென்று சில்லறை வாங்கி வருவது போன்ற அன்றாடத் திறன்களைப் பெற்றோரைக் கேட்டு அளக்கும் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலையும் சேர்த்துப் பார்க்காமல், அறிவுத்திறன் குறைபாடு என்று ஒரு பிள்ளையைப் பற்றி எழுதக் கூடாது என்பது பொது விதி. உங்களிடமுள்ள அறிக்கையில் அது இல்லை.

அப்படியானால் அறிவு குறைவே இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. சிறு வயதில் அவன் சந்தித்த அந்தச் சரிவு மூளையில் தடம் பதித்துத்தான் இருக்கிறது, எம்.ஆர்.ஐ. அறிக்கையில் மூளையின் வெண்பகுதியில் (நரம்பிழைகள் ஓடும் பகுதி) மாற்றங்கள் இருப்பதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மொழி ஓரளவு தப்பியிருக்க, வேகம், இடம் அறிதல், கவனம், திட்டமிடல் ஆகியவை அடிபட்டிருப்பது இந்நோய்களில் அடிக்கடி காணும் ஏற்றத்தாழ்வான வடிவம். உங்கள் மகனுடையதும் அதுவாக இருக்கலாம். கற்க அவனுக்கு உதவி தேவைப்படும், நீண்ட காலத்துக்குத் தேவைப்படும். ஆனால் என்ன உதவி என்பதை 68 என்ற எண் தீர்மானிக்காது.

போகப் போகக் குறையுமா என்ற கேள்விக்கு உள்ளபடியே பதில் சொல்ல முயல்கிறேன். இந்த மரபணுவில் மாற்றம் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினர், முதல் சில ஆண்டுகளில் பெரும் சரிவைச் சந்தித்து, பிறகு பல ஆண்டுகள் நிலையாக இருந்ததையும் மெல்லத் திறன்களை மீட்டதையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேறு சிலரிடம் நோய் விரைந்து முற்றியும் இருக்கிறது. உங்கள் மகன் ஏழு ஆண்டுகளாகப் புதிதாக எதையும் இழக்கவில்லை என்பது அவனுக்குச் சாதகமான செய்தி, உறுதிமொழி அல்ல.

இதில் பெற்றோர் வீணாகக் கலங்கும் ஓர் இடம் உண்டு. இரண்டு ஆண்டு கழித்து இதே தேர்வை எடுத்து 68 என்பது 62 ஆக வந்தால், அறிவு கரைந்துவிட்டதாக எண்ணி வீடே இடிந்துபோகும். ஐ.க்யூ. என்பது ஒத்த வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத் தரப்படும் மதிப்பு. உங்கள் மகன் இரண்டு ஆண்டில் ஓர் ஆண்டுக்குரிய வளர்ச்சியைப் பெற்று, மற்றவர்கள் இரண்டு ஆண்டுக்குரியதைப் பெற்றால், அவன் எதையும் இழக்காமல், முன்பைவிட அதிகம் கற்றிருந்தும், எண் கீழே வரும். உண்மையில் இழப்பு ஏற்பட்டிருக்கிறதா என்று அறிய, ஒவ்வொரு பகுதியிலும் அவன் சரியாகச் செய்தவற்றின் மூல மதிப்பெண்ணைச் சென்ற முறையோடு ஒப்பிட வேண்டும். அதை எழுதித் தரும்படி உளவியலாளரிடம் இப்போதே கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். நீங்களும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவன் பேசுவது, படிப்பது, எழுதுவது, சட்டைப் பொத்தான் போடுவது இவற்றைக் கைப்பேசியில் சில நிமிடம் பதிவு செய்து வையுங்கள். எனக்கு எந்த அறிக்கையையும்விட அத்தகைய பதிவுகள் அதிகம் சொல்லியிருக்கின்றன.

மெதுவான ஏற்ற இறக்கத்துக்குக் கலங்க வேண்டாம் என்று சொல்லும் நான், திடீர் மாற்றத்துக்கு ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நீண்ட பட்டினி, அறுவைச் சிகிச்சை ஆகியவை இவனுடைய மூளைக்கு ஆபத்தான நேரங்கள். அப்போதோ அதற்குச் சில நாட்களுக்குப் பிறகோ, அளவுக்கு மீறிய தூக்கம், புதிதாகத் தெரியும் உளறல், கண்கள் நிலைகொள்ளாமல் அலைவது, மூச்சு ஒழுங்கு தவறுவது, முன்பு செய்த ஒன்றைச் செய்ய முடியாமல் போவது இவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அடம், பயம், சிரிப்பு என எந்த வடிவத்திலாவது குணம் ஓரிரு நாளில் தலைகீழாக மாறினாலும், சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு மீள்வது அடிக்கடி நடந்தாலும், அதை மனநலப் பிரச்சினை என்று ஒதுக்கும் முன் மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்து, வெளியே தெரியாத வலிப்பு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சாப்பிட முடியாத நாளில் குளுக்கோஸ் நீர் ஏற்றுவது எவ்வளவு, எந்த மருந்துகள் கூடாது, யாரை அழைப்பது என்று உங்கள் நரம்பியல் மருத்துவர் ஒரு பக்கத்தில் எழுதி முத்திரையிட்டுத் தந்தால், இரவுப் பணியிலுள்ள இளம் மருத்துவருக்கு அது பெரிய உதவி. தடுப்பூசிகளை மட்டும் பயந்து நிறுத்த வேண்டாம். அவை தடுக்கும் நோய்கள் இவனுக்கு ஊசியைவிடப் பன்மடங்கு ஆபத்தானவை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். சில மாதங்களாகத்தான் தங்கையை அடிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். சில மாதங்களாக என்றால், சில மாதங்களுக்கு முன் என்ன மாறியது என்பதே முதல் கேள்வி. நான்காம் வகுப்பில் எழுத்து வேலை கூடியிருக்கும். வகுப்பறை மாடிக்கு மாறியிருக்கலாம். உடன் படிப்பவர்கள் நடையைக் கேலி செய்யத் தொடங்கும் வயதும் இதுதான். பேச்சு இழுக்கும் பிள்ளை தனக்கு நேர்ந்ததை வாயால் சொல்வதற்குள் கை முந்திவிடும். உடல் காரணங்களையும் தேட வேண்டும். இந்நோயில் குடலின் தசையும் தளர்வதால் மலச்சிக்கல் மிகவும் பொதுவானது. வயிறு இறுகிய பிள்ளையிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. தூக்கத்தில் குறட்டை, மூச்சுத் திணறல், இரவில் பலமுறை விழிப்பு உண்டா என்று கவனியுங்கள். பசிக்கும் கோபத்துக்கும் இடையே நேரடித் தொடர்பு இருக்கலாம். பள்ளிவிட்டு வந்தவுடன் வீட்டுப்பாடத்துக்கு உட்காரவைக்காமல், முதலில் சாப்பாடு, பிறகு அரை மணி நேரம் படுக்கை, அதற்குப் பிறகும் இயன்றால் மட்டும் பாடம் என்று மாற்றிப் பாருங்கள். இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடையே நீண்ட இடைவெளி விடாமல், படுக்கப் போகும் முன் ஓர் இட்லியாவது கொடுங்கள்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: கோபம் வந்த நேரம், அதற்கு முன் கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, எவ்வளவு தூரம் நடந்தான், என்ன கேட்கப்பட்டது, அதன்பின் என்ன கிடைத்தது. கடைசிக் கேள்வி முக்கியமானது. நோட்டைக் கிழித்தால் வீட்டுப்பாடம் நின்றுபோகிறது என்பதை அவன் கற்றிருந்தால், தொடக்கத்தில் களைப்பால் வந்த கோபம் நாளடைவில் பழக்கமாகியும் இருக்கும். நோய் இருப்பதனால் எல்லாமே நோய் என்று விட்டுவிடுவதும் பிள்ளைக்கு நல்லதல்ல. கொட்டாவி, நடுக்கம் கூடுவது, பேச்சு மேலும் குழறுவது, பார்வை விலகுவது போன்ற அறிகுறிகள் தெரிந்தால் அவன் கிழிப்பதற்கு முன்பே நீங்கள் நோட்டை மூடிவிடுங்கள். ‘ஓய்வு வேணும்’ என்று அவனே கேட்க ஓர் அட்டையோ சைகையோ பழக்குங்கள். கேட்டால் உடனே கொடுங்கள். தங்கையை அடித்தால் மட்டும், களைப்பாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே வார்த்தையில் தடுத்து, இருவரையும் பிரித்து, அமைதியானதும் மன்னிப்புக் கேட்கவைத்து முடித்துவிடுங்கள். அந்தச் சிறு பெண்ணுக்கும் இந்த வீட்டில் ஒரு நியாயம் கிடைக்க வேண்டும்.

உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அடி, ஆற்றல் இல்லாத மூளைக்கு ஆற்றலைத் தராது. அச்சத்தில் இதயம் படபடத்து, உள்ள கொஞ்சமும் செலவாகும். பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதும் நினைவிலிருக்கட்டும். இத்தனைக்கும் பிறகு கோபம் தணியாவிட்டால், அல்லது அவன் எதிலும் ஆர்வமின்றி, அழுதபடி, உறக்கமின்றி இருந்தால், குழந்தை மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். மனச்சோர்வும் பதற்றமும் இந்நோயுள்ள பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகின்றன. அவற்றுக்கு மருந்து உண்டு. கோபத்தைத் தணிக்கத் தரும் ரிஸ்பெரிடோன் வகை மருந்துகள் உடல் அசைவுக் கோளாறைக் கூட்டக்கூடும் என்பதையும், கவனக்குறைவுக்குத் தரும் மீதைல்பெனிடேட் பசியைக் குறைக்கும் என்பதையும் மட்டும் அவரும் நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து பேசி முடிவெடுக்கட்டும். நீங்கள் கடிதத்தில் கேட்டிருந்த கோ-என்சைம் க்யூ10 என்னும் துணைச்சத்து மாத்திரை இவனுடைய வகை நோயில் அறிவை வளர்க்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. காம்ப்ளக்ஸ்-1 குறைபாட்டில் சிலருக்கு ரைபோஃபிளேவின் (பி2 வைட்டமின்) பயன்பட்டிருப்பதாலும், அது விலை குறைந்தது என்பதாலும், மருத்துவர் எழுதியிருந்தால் அதைத் தொடருங்கள். ஞாபகசக்தி டானிக்குகளுக்குச் செலவிடும் பணத்தை இயன்முறைச் சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிறப்புப் பள்ளிக்கு இப்போது மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. மொழியில் 84 எடுக்கும் பிள்ளைக்குப் பேச்சும் தோழமையும் நிறைந்த வகுப்பறை வேண்டும். ஆனால் இருக்கும் பள்ளி இருக்கிறபடியே இருந்தால் போதாது. கணக்கும் புதிய பாடங்களும் முதல் இரண்டு பாடவேளைகளுக்குள் முடிய வேண்டும். பிற்பகலில் கதை, பாட்டு, கேட்டல். பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று, எழுதுவதற்குப் பதில் வாயால் சொல்வது, இடைவேளையில் ஏதேனும் தின்பண்டம், தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் தடையின்மை, வகுப்பறை தரைத்தளத்தில். தேவைப்பட்டால் அரை நாள் பள்ளி. முழு நாள் பெஞ்சில் சாய்ந்து கிடப்பதைவிட அரை நாள் விழிப்போடு கற்பது மேல்.

இத்துடன் நீங்கள் விரும்பாத ஒன்றையும் சொல்கிறேன். பள்ளி வாசலிலிருந்து வகுப்பு வரையிலும், சந்தைக்கும் திருவிழாவுக்கும் போகும்போதும் அவனைத் தள்ளுநாற்காலியில் அழைத்துச் செல்லுங்கள். நடக்க முடிகிற பிள்ளையை எதற்கு உட்காரவைப்பது, கால் மறந்துவிடாதா, ஊர் என்ன சொல்லும் என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். அவனிடம் ஒரு நாளைக்கு உள்ள ஆற்றல் அளவானது. தள்ளாடி, விழாமல் சமாளித்து அரை கிலோமீட்டர் நடந்து வகுப்புக்குள் நுழையும் பிள்ளை, பெருக்கலுக்கு வைத்திருந்ததை வழியிலேயே செலவழித்துவிடுகிறான். காலுக்கான பயிற்சியை இயன்முறை மருத்துவர் சொல்லும் அளவில், களைப்பில்லாத நேரத்தில், தினமும் சிறிது செய்யட்டும். அளவான பயிற்சி இந்நோயில் நன்மையே செய்கிறது. பள்ளிக்குப் போகும் வழியை மட்டும் பயிற்சியாக்க வேண்டாம்.

பள்ளியில் இவற்றைக் கேட்டுப் பெற உங்களுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாட்பட்ட நரம்பியல் நோய்களையும், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகளையும் தன் 21 வகைகளுக்குள் சேர்த்திருக்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள, 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்கிறது அதன் 31ஆம் பிரிவு. எது என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், பள்ளி அல்ல. மாவட்ட மருத்துவமனை வழியாக யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். புதிய தேர்வு முடிவு வந்த பிறகு விண்ணப்பிப்பது நல்லது, ஏனென்றால் சான்றிதழில் எழுதப்படும் வகை நெடுங்காலம் கூடவே வரும். பின்னாளில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஒருவரும் பெற இது உதவும். உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். ஆசிரியையையும் அழைத்துக்கொண்டு ஒரு முறை போய்வாருங்கள்.

மாமியார் சொல்வதற்கு வருகிறேன். மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக உள்ள 37 மரபணுக்கள் தாயிடமிருந்து மட்டுமே வருகின்றன. 1988இல் அவற்றில் நோய் தரும் மாற்றங்கள் முதன்முறையாகக் கண்டறியப்பட்டதிலிருந்து, இந்நோய் என்றாலே தாய்வழி என்ற எண்ணம் பரவிவிட்டது. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவைக் கட்டுவதற்கு வேண்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உயிரணுக் கருவில் இருக்கின்றன. அவற்றைத் தாயும் தந்தையும் சமமாகத் தருகிறார்கள். குழந்தைப் பருவத்தில் தொடங்கும் மைட்டோகாண்ட்ரியா நோய்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. உங்கள் மகனுடையதும் அப்படியே: அறிக்கையின்படி மாறிய மரபணுவின் ஒரு பிரதி உங்களிடமிருந்தும் ஒரு பிரதி உங்கள் கணவரிடமிருந்தும் வந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் நோய். மாறிய பிரதி ஒன்றை மட்டும் வைத்திருக்கும் நீங்கள் இருவரும் நலமாகவே இருக்கிறீர்கள். மாமனும் மருமகளும் ஒரே மாற்றத்தைக் கொண்டிருப்பதால், அது பெரும்பாலும் உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடமிருந்து, ஒரு பக்கம் உங்கள் அம்மா வழியாகவும் மறுபக்கம் உங்கள் கணவர் வழியாகவும், இறங்கி வந்திருக்க வேண்டும். பாட்டியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரும் அறியாமலே சுமந்தவராக இருக்கலாம், அவருக்கு முன்னோர் பலரும் அப்படியே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடந்த திருமணங்களில் கால்வாசிக்கும் மேல் சொந்தத்துக்குள் நடந்தவை. அவற்றில் பெரும்பாலான குடும்பங்களில் நலமான குழந்தைகளே பிறந்திருக்கிறார்கள். இதில் யாருடைய வயிற்றுக்கும் பங்கில்லை என்று அவரிடம் உங்கள் கணவர் சொல்வதுதான் முறை. அவர் தாயிடம் அவரே பேசட்டும்.

கடைசியாக, மகள். அவளுக்கு 5 வயது ஆகிவிட்டது, நடை, பேச்சு, காய்ச்சலுக்குப் பின் மீள்வது எல்லாம் இயல்பாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணனுக்குத் தொடங்கிய வயதை அவள் கடந்துவிட்டாள். வளர்ச்சியில் ஏதேனும் ஐயம் தோன்றினால் ஒழிய இப்போது பரிசோதனை தேவையில்லை. அவள் மாறிய பிரதி ஒன்றைச் சுமப்பவளா என்பது அவள் உடல்நலத்தைப் பாதிக்கும் செய்தி அல்ல, அவள் திருமணத்தின்போது அவளுக்குப் பயன்படும் செய்தி. ஆகவே 18 வயதுக்குப் பிறகு அவளே கேட்டு அறிந்துகொள்வதற்கு விட்டுவிடுவதுதான் மரபணு ஆலோசகர்கள் பின்பற்றும் நெறி. நீங்கள் மூன்றாவது குழந்தையைப் பற்றி எண்ணினால் மட்டும் பேச்சு வேறு. ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதால், கருத்தரிப்பதற்கு முன்பே மகனின் அறிக்கையோடு வேலூர் சி.எம்.சி. போன்ற, மரபணுப் பிரிவு உள்ள மருத்துவமனை ஒன்றுக்குச் செல்லுங்கள். குடும்பத்தில் உள்ள மாற்றம் எது என்று தெரிந்திருப்பதால், 11 முதல் 13 வாரத்துக்குள் நச்சுக்கொடித் திசுவை எடுத்துக் கருவில் அது இருக்கிறதா என்று பார்க்க இயலும்.